துணைக்கு ஒரு ஆள்

லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேராகப் போக வேண்டும். அது விதி. ஒருவர் மொட்டை மாடியில் மெஷின் ரூமுக்குள் இருந்தால் இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றால், யாரும் பட்டனைத் தொடாமல் இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதியோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் விதி சொல்வது வேலை தெரிந்த இரண்டு பேரை. எங்கள் கம்பெனியில் மற்ற மெக்கானிக்குகளுடன் இன்னொரு மெக்கானிக்கை அனுப்புவார்கள். என்னுடன் மட்டும் மாப்பிள்ளையை அனுப்பினார்கள்.

மாப்பிள்ளை என்றால் என் வீட்டு மாப்பிள்ளை இல்லை. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ, எந்நேரமும் கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று அழைப்பது போன்ற சிரிப்பு. விற்பனைப் பிரிவில் இருந்தவன். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசிப்பான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும், நாலு திட்டு திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன்.

நான் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்துக்குப் போனபோது, அங்கிருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “மெக்கானிக் எப்பம்மா வருவாரு?” என்று கேட்டார். வந்து மேனேஜரிடம் சொன்னேன். அந்த ஆளுக்குப் போனைப் போட்டு, வந்தது மெக்கானிக்தான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கன்னத்தில் கைவைத்து யோசித்துவிட்டு, “இனிமே உன்கூட துணைக்கு ஒரு ஆள் அனுப்பிடுறேன்மா” என்றார். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் வழிந்தது.

அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. நான் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். மாப்பிள்ளை கீழே லிஃப்ட் கதவருகே நின்று கட்டடக்காரர்களோடு பேசுவான். என்ன கோளாறு என்று அவர்கள் அவனைக் கேட்பார்கள். அவன் செல்போனில் என்னைக் கேட்பான். “கதவு கான்டாக்ட் தேஞ்சு போச்சு” என்று நான் சொன்னால், “பாதுகாப்பு இணைப்புல ஒரு சிக்கல் சார், நம்ம டீம் மேல பாத்துட்டிருக்காங்க” என்பான். டீம் என்பது நான். நான் மட்டும். வேலை முடிந்து கிரீஸ் அப்பிய கையோடு இறங்கி வரும்போது அவனுக்குத் தேநீர் வந்திருக்கும். அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டம்மா என்னைப் பார்த்து, “மேலதான் இருந்த, அப்படியே தண்ணித் தொட்டியையும் கழுவிட்டு வந்திருக்கலாமே” என்று கேட்டார். மாப்பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்தான். சங்கடத்தில் சிரித்தான் என்று வைத்துக்கொள்வோம். சிரித்தது சிரித்ததுதான்.

தண்ணித் தொட்டியைக்கூட மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன். ஒருநாள் நான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மாப்பிள்ளை, “இதோ பாருங்க சார், இப்ப வந்துரும்” என்று கட்டடக்காரருக்குக் காட்டுவதற்காகப் பட்டனை அழுத்தினான். அழுத்திவிட்டு, போனில் என்னிடம், “என்னக்கா, இன்னும் வரலையே?” என்று கேட்டான். கூரையில் கால் வைத்ததும் ஸ்டாப் சுவிட்சைப் போட்டுவிடுவது என் பழக்கம். அதனால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மேனேஜரிடம் போய்க் கத்தினேன். “ஒண்ணும் ஆகலைல்ல?” என்றார். ஏதாவது ஆகியிருந்தால் யாரைத் துணைக்கு அனுப்பியிருப்பார் என்று கேட்டேன். “உனக்கு எப்பவும் மூக்குக்கு மேல கோபம்” என்றார்.

இத்தனைக்கும் எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் நுழைந்தால் சுவர் முழுக்க நான்தான் இருப்பேன். மஞ்சள் ஹெல்மெட், கையில் ஸ்பானர், பின்னால் நீல வானம். படத்துக்குக் கீழே ‘இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு’ என்று கொட்டை எழுத்து. காகிதத்தில் நான் தனியாக நிற்கலாம். கட்டடத்தில்தான் கூடாது.

இப்படியே போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேனோ என்னவோ. எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஆசைக்கு இல்லை. இந்த வேலையில் பாதி நேரம் மண்டி போட்டுத்தான் இருக்க வேண்டும், மீதி நேரம் இரும்பு ஏணி. என் வலது முழங்கால் வீங்கிப் போய், டாக்டர் இனி ஏணி ஏறினால் நடப்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் என்றால் மேசை, போன், யாரை எங்கே அனுப்புவது என்ற முடிவு. நான் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் பிழைக்கும், தொழிலும் கையில் இருக்கும். உட்காராவிட்டால் இரண்டில் ஒன்றை விட வேண்டும். மெக்கானிக்குகளில் எனக்கு மேலே அனுபவம் உள்ளவர் தாடி அண்ணன் ஒருவர்தான். அவர் தனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். அவருக்குப் பேச்சு திக்கும். அதனால் அவரையும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பட்டறையிலேயே வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ‘மனம் திறந்து பேசுவோம்’ என்று ஒரு நாள் ஏற்பாடு செய்தார்கள். வேலை செய்யும் இடத்தில் யாரையும் ஒதுக்கக் கூடாது, பாரபட்சத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். நடத்திக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்திருந்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். “இந்த ரூம்ல பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. பயப்படாம பேசுங்க” என்றார் அவர். எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று மேசைமேல் ஒரு மணி வைத்திருந்தார். மணி அடித்தால் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

தாடி அண்ணன்தான் முதலில் எழுந்தார். எனக்கே ஆச்சரியம். “எ... எ... என்னைய ப... ப...” என்று ஆரம்பித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. அவர் இரண்டாவது வார்த்தையைத் தாண்டும் முன்னே மணி அடித்துவிட்டது. “ரொம்ப நன்றி, அருமையான பகிர்வு” என்றார் பயிற்சியாளர் அம்மா. தாடி அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஒதுக்கிவைப்பதைப் பற்றிப் பேச வந்த இடத்தில் ஒரு மனிதரை மணி அடித்து உட்கார வைக்கிறார்கள், சுற்றி இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. என் முறை எப்போது என்று காத்திருக்காமல் எழுந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். துணை ஆள், தேநீர், தண்ணித் தொட்டி, பட்டன். “எனக்குக் கைகால் வெளங்காதுன்னா துணை அனுப்புறீங்க? வேலை தெரிஞ்சவர அனுப்பினா துணை. வேலை தெரியாதவர அனுப்பினா அது எமன்” என்றேன்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “இதுல பாரபட்சம்னு ஒண்ணும் இல்லம்மா. கஸ்டமருக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.”

பயிற்சியாளர் அம்மா என் பக்கம் சாய்ந்து, குழந்தையிடம் பேசும் குரலில், “அப்போ உங்க மனசுல என்ன உணர்வு இருந்துச்சு?” என்று கேட்டார்.

“கோபம்.”

“அந்தக் கோபத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன்.”

“பின்னாலயும் கோபந்தாங்க இருக்கு. அதுக்கும் பின்னால என் முழங்கால் இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். “நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா? நீயே சொல்லு.”

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். சப்பைக் கட்டு கட்டுவான் என்று நினைத்தேன். “அக்கா சொல்றது அத்தனையும் நிஜம்” என்றான். “எனக்கு வேலை தெரியாது. வேலையெல்லாம் அக்கா பண்ணுவாங்க, பேரு எனக்கு வரும். அந்தப் பட்டன அழுத்தினது என் தப்புதான்.” சொல்லும்போதே குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நிஜமாகவே அழுதான்.

பயிற்சியாளர் அம்மா கை தட்டினார். கூடமே தட்டியது. “இதுக்குப் பேர்தான் தைரியம்” என்றார் அவர். மேனேஜர் எழுந்து போய் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ முதுகைத் தட்டினார்கள். நான் வட்டத்தின் மறுபக்கத்தில் நின்றபடியே இருந்தேன். மணி அவனுக்கு அடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். என் புருஷனைப் பெற்றவர். அவருக்கு என் வேலை பிடிக்காது, என்னை யாராவது ஏதாவது சொன்னால் அதைவிடப் பிடிக்காது. என் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னப்போ கை தட்டினாங்களா?”

“இல்ல அத்தை.”

“அவன் சொன்னப்போ?”

“தட்டினாங்க.”

“ரெண்டு பேரும் ஒரே விஷயத்தத்தானே சொன்னீங்க? என்னடி கூத்து இது! அவன் சட்டையில ஒரு டப்பா கிரீஸ எடுத்துக் கொட்டிட்டு வரவேண்டியதுதானே?” என்று என்னைத்தான் திட்டினார். கோபத்தில் தேய்த்த தேய்ப்பில் முழங்கால் இன்னும் வலித்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவனே வாயைத் திறந்து சொல்லிவிட்டான், இனி அந்த நாற்காலி வேறு யாருக்குப் போகும்?

அவனுக்குத்தான் போனது.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். குரலில் தேன் சொட்டியது. “சூப்பர்வைசர் ஸ்க்ரூ கழட்டப் போறதில்லம்மா. கஸ்டமருக்கெல்லாம் அவரத்தான் தெரியும். அதோட, அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி தன் குறைய ஒத்துக்கிட்டாரு பாரு, அந்த நேர்மைதான் தலைமைக்கு வேணும்.”

“அந்தக் குறைய முதல்ல சொன்னது நான் சார்.”

“சொன்ன விதம் இருக்கேம்மா. கொஞ்சம் படபடன்னு பேசிட்ட. சூப்பர்வைசருக்குப் பொறுமை முக்கியம்.”

“அந்த ரூம்ல பேசுறது வெளிய போகாதுன்னாங்களே?”

“உன்ன மாதிரி வேலைக்காரிய மேசையில உக்கார வச்சா கம்பெனிக்குத்தான் நஷ்டம். நீ சைட்லதான் ராணி” என்றார். முழங்காலைப் பற்றிச் சொன்னேன். நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும் என்றார். அவன் வேலை தெரியாது என்று சொன்னதற்கு நாற்காலி. நான் வேலை தெரியும் என்று சொன்னதற்கு ஏணி. இதற்குமேல் என்னிடம் பொறுமை வேறு கேட்கிறார்கள்.

மாப்பிள்ளை சூப்பர்வைசராகி முதல் வாரமே ஒரு புதுக் கட்டடம் எங்களிடம் வந்தது. ஆறு மாடி அலுவலகம், ஒரே ஒரு லிஃப்ட். அது எந்த மாடியிலும் தரைக்குச் சமமாக நிற்காமல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கிறது, இரண்டு பேர் தடுக்கி விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்று தகவல். நான் பையோடு அவன் மேசைக்குப் போனேன். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, புது கஸ்டமர். நீங்கதான் போகணும்” என்றான். பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே, “சேல்ஸ்ல புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு. அவர...” என்று இழுத்தான்.

“அவர?”

“உங்ககூட துணைக்கு அனுப்புறேன்.”

“அவருக்கு வேலை தெரியுமா?”

“தெரியாது. ஆனா நல்லா பேசுவாருக்கா.”

“அன்னைக்கு அவ்வளவு அழுதியே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது மனசுல இருந்து வந்துச்சுக்கா. சத்தியமா. ஆனா இது வேலை.”

அவனை அறைந்திருக்கலாம். நான் பையை அவன் மேசைமேல் வைத்தேன். உள்ளே இருந்த ஸ்பானர்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் எதிர் அறையிலிருந்து மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

“அப்ப நல்லா பேசுறவர மட்டும் அனுப்பு. அவர் பேசியே லிஃப்ட்ட தரைக்குச் சமமா நிறுத்திடட்டும். நான் போகணும்னா தாடி அண்ணன் என்கூட வரணும். அவரு கீழ நின்னா நான் பயமில்லாம கூரையில ஏறுவேன்” என்றேன்.

“புது கஸ்டமர்கிட்ட ரெண்டு பேரையும் ஒண்ணா எப்படிம்மா...” என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். எங்களை எண்ணிப் பார்த்தார் போலிருக்கிறது. ஒன்று பொம்பளை, இன்னொன்று திக்குவாய். கண்ணில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. சத்தம் கேட்டுப் பட்டறையிலிருந்து வந்த தாடி அண்ணனும் வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

அப்போது மேசைப் போன் அடித்தது. மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான். அந்தக் கட்டடத்தின் மேலாளர். “என்னங்க, ஆள் கிளம்பியாச்சா? யார் வராங்க?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். “டீம்... நம்ம டீம் சார்...” என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. கூடம் நிறைய ஆட்கள் முன்னால் அழுத வாய்க்கு, யார் வருகிறார் என்று ஒரே ஒரு ஆளிடம் சொல்ல முடியவில்லை. நான் போனையே அவன் கைக்கு எட்டாமல் பிடுங்கிக்கொண்டேன். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

“சொல்லுங்க சார்.”

“போனை மெக்கானிக்கிட்ட குடும்மா.”

மேனேஜர் நான் அப்பவே சொன்னேனே என்பது போலத் தலையை ஆட்டினார்.

“மெக்கானிக்தான் சார் பேசுறேன். தரைக்கும் லிஃப்ட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டு நிக்குது? ஏறும்போது அதிகமா, இறங்கும்போது அதிகமா?”

“ரெண்டு விரல் இருக்கும். இறங்கும்போதுதான் ஜாஸ்தி” என்றார்.

“பிரேக்கைக் கழட்டிப் பாக்கணும். நானும் எனக்கு மூத்த மெக்கானிக் ஒருத்தரும் வரோம். ஆம்பளைதான் மேல ஏறணும்னா இப்பவே சொல்லிடுங்க சார். வந்து நின்னப்புறம் என் முதுகுக்குப் பின்னால எட்டிப் பாக்காதீங்க.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு லிஃப்ட் ஓடினா போதும்மா” என்றது போன். “ஆறு மாடி ஏறி இறங்கி உயிர் போகுது. யார் வந்தா என்ன, சீக்கிரம் வாங்க.” வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். இவ்வளவேதான். முகம் சுளித்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நாளையும் இருப்பார்கள். ஆனால் வருவது இவர்தான், இவருக்கு வேலை தெரியும் என்று நேராக ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்க இத்தனை வருஷத்தில் இந்த ஆபீஸில் ஒருவருக்கும் நா எழவில்லை. கஸ்டமர் கஸ்டமர் என்று சொல்லிச் சொல்லித் தங்கள் பயத்தை எல்லாம் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் இரண்டு பேராக மாறி மாறி ஏறும் ஏணியில் நான் ஒருத்தியே ஏறி ஏறித்தான் இந்த முழங்கால் தேய்ந்தது.

தாடி அண்ணன் உள்ளே வந்து மேசைமேல் இருந்த என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “வா... வா... வாம்மா போலாம்” என்றார். அவர் முடிக்கும் வரை எல்லோரும் நின்று கேட்கத்தான் வேண்டியிருந்தது.

மேனேஜருக்கு அதற்குள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து, “பாத்தியாம்மா, நம்ம கம்பெனி எவ்வளவு மாறிடுச்சு!” என்றார்.

“கம்பெனி எங்க சார் மாறுச்சு? நான் போனைப் பிடுங்கினேன்” என்றேன். “இந்த லிஃப்ட்ட முடிச்சுட்டு நேரா இங்கதான் வருவேன். அந்த நாற்காலி யாருக்குன்னு திரும்பவும் பேசணும். ரெண்டு பேரும் எங்கயும் போயிடாதீங்க.”

மாப்பிள்ளை பாதி எழுந்தவன், எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.